ஈரலழற்சிச் சோதனை சென்ற வழி

வரலாறு எனின் மன்னரும் போரும் கோயிலும் கல்வெட்டுமே என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். கல்லூரி மலர்களின் பக்கங்களிலும் அவையே பெரும்பாலும் இடம்பெற்று வந்துள்ளன. நோய்க்கும் வரலாறு உண்டு. நோயைக் கண்டறியும் சோதனைக்கும் உண்டு. ஒரு சோதனை எவரிடம் சென்றது, எவரிடம் செல்லாது நின்றது, அவ்வாறு நின்றமைக்குக் காரணம் யாது என ஆராய்வது, ஒரு பேரரசின் எல்லை எங்கே நின்றது என ஆராய்வதினும் குறைந்த பணியன்று. ஈரலழற்சி ‘சி’ என்னும் நோயையும், அந்நோய்க்கு மிகுதியும் ஆளாகும் ஒரு கூட்டத்தாரிடம், அதாவது போதைப்பொருளை ஊசி வழியாக உடலில் ஏற்றுவோரிடம், அதன் சோதனை சென்ற வழியையும் பற்றியது இக்கட்டுரை. பொருள் சிலருக்கு உவப்பற்றதாகத் தோன்றலாம். கல்முனைக் கரையோரத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு அது தொலைவிலுள்ள செய்தியாகத் தோன்றவில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

நம் ஊர்களிற் செங்கண்மாரியை அறியாதார் இலர். கண் மஞ்சளாகும், சிறுநீரின் நிறம் மாறும், கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுப்பர், எண்ணெயும் பொரியலும் விலக்குவர், சில கிழமைகளில் நோயாளி எழுந்து நடமாடுவான். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஈரலழற்சி ‘ஏ’ பெரும்பாலும் இவ்வாறு தானாகவே தணிவது. புகழ் மட்டும் கீழ்க்காய்நெல்லிக்குச் சென்றுவிடுகிறது. ‘சி’ வகையோ வேறு இயல்பினது. அது குருதி வழியாக மட்டுமே பரவுவது. தொற்றியவருட் பெரும்பாலோர்க்குக் கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சல்கூடத் தோன்றுவதில்லை. ஏறத்தாழப் பத்தில் மூவர் உடலில் அது தானாக நீங்கும். ஏனையோரின் ஈரலில் அது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கும். இருபது ஆண்டுகளில் அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் வரை ஈரல் சுருங்கி இறுகும் நிலையை அடைவர். சிலர்க்குப் புற்றுநோயும் தோன்றும். வயிறு வீங்கி வைத்தியசாலைக்கு வரும் நாளிலேதான் பலர் நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்கின்றனர். ஆதலின் இந்நோயைப் பொறுத்தவரை சோதனை என்பது சிகிச்சைக்கு முந்திய ஒரு சடங்கன்று. சோதனையின்றேல் நோயாளி தான் நோயாளி என்பதையே அறியான்.

இவ்வைரசைக் கண்டுபிடித்த வரலாறு அண்மைக் காலத்தது. 1965இல் பாரூக் புளும்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் குருதியிற் கண்ட ஒரு பொருள், பின்னர் ஈரலழற்சி ‘பி’யின் அடையாளம் எனத் தெளிவாயிற்று. 1973இல் ‘ஏ’ வகையின் வைரசு நுணுக்குக்காட்டியிற் காணப்பட்டது. இவ்விரண்டுக்கும் சோதனை கிடைத்தபின், குருதி ஏற்றப்பெற்றோர்க்கு வரும் ஈரலழற்சி அனைத்தும் இவற்றுள் அடங்கிவிடும் என எதிர்பார்த்தனர். அடங்கவில்லை. ஹாவி ஆல்டரும் அவருடன் பணியாற்றியோரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான நோயாளரிடம் ‘ஏ’யும் இல்லை, ‘பி’யும் இல்லை எனக் காட்டிற்று. பெயரிட வேறு வழியின்றி அந்நோயை ‘ஏயுமல்லாத பீயுமல்லாத ஈரலழற்சி’ என்றே பல ஆண்டுகள் வழங்கினர். இன்னது என்று சொல்லவியலாது இன்னதல்ல என்று மட்டும் சொல்லும் அப்பெயரில் அக்கால மருத்துவர் நிலை முழுவதும் அடங்கியுள்ளது.

1989இல் மைக்கல் ஹௌற்றன், சூ, குவோ, பிராட்லி முதலியோர், நோயுற்ற சிம்பன்சிக் குரங்கொன்றின் குருதியினின்றும் எடுத்த மரபணுத் துண்டுகளை இலட்சக்கணக்கிற் பெருக்கி ஆராய்ந்து, அவற்றுள் ஒரு துண்டு வைரசினுடையது எனக் கண்டனர். எவர் கண்ணுக்கும் புலப்படுமுன்னரே ஒரு வைரசு அதன் மரபணுவால் இனங்காணப்பட்டது. அக்காலத்தில் இது பெரும் புதுமை. அடுத்த ஆண்டே குருதிச் சோதனை ஆயத்தமாயிற்று. ஆல்டர், ஹௌற்றன், சார்ள்ஸ் றைஸ் ஆகிய மூவரும் 2020இல் நோபல் பரிசு பெற்றனர்.

முதலிற் பயன்பெற்றன குருதி வங்கிகள். அது முறையே. தானங்கொடுக்கும் குருதியைச் சோதித்ததனால் வசதியுள்ள நாடுகளில் அவ்வழித் தொற்று ஏறக்குறைய நின்றது. ஆனால் ஊசியை மாறி மாறிப் பாவிப்போர் எவரும் குருதி வங்கிக்கு வருவதில்லை. சோதனைக் குழாய் போத்தலிலுள்ள குருதியை நோக்கிச் சென்றது. தெருவிலுள்ள மனிதனை நோக்கிச் செல்லவில்லை. அவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

ஈண்டு எகிப்து நாட்டின் செய்தியைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். ஏனெனில் இந்நோயைத் தீயொழுக்கத்தின் விளைவெனக் கருதுவோர்க்கு அது ஏற்ற மறுமொழி. நைல் நதிக் கால்வாய்களில் இறங்கி உழைத்த குடியானவர்க்கு நத்தைகளினின்றும் பரவும் ஒருவகைப் புழுநோய் பெருந்துன்பமாயிருந்தது. அதனை ஒழிக்கும் நோக்குடன் 1950ஆம் ஆண்டுகள் தொட்டு 1980ஆம் ஆண்டுகள் வரை அந்நாட்டரசு மக்களுக்குக் கூட்டங் கூட்டமாக ஊசி மருந்து ஏற்றிற்று. கண்ணாடி ஊசிக் குழல்கள் செவ்வையாகக் கொதிக்கவைக்கப்படாமல் ஒருவரிலிருந்து ஒருவருக்குச் சென்றன. புழுநோய் குறைந்தது, ஈரலழற்சி ‘சி’ உலகில் வேறெங்குமில்லா அளவிற்குப் பெருகிற்று. அங்கே நோயுற்றோர் வயலில் உழைத்த எளியோர். ஊசியேற்றியோர் அரசின் மருத்துவ ஊழியர். வைரசுக்கு ஊசியைத் தெரியும். ஊசி பிடித்த கையின் குணத்தைத் தெரியாது. 2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரையுள்ள ஏழு மாதங்களில் எகிப்து ஏறக்குறைய ஐந்து கோடி மக்களைச் சோதித்துச் சிகிச்சையளித்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் அம்முயற்சியைச் சிறப்பித்து அங்கீகரித்தது. நம் கரையிலிருந்து கெய்ரோவுக்கு மார்க்கக் கல்வி பெறச் சென்றோர் பலர். அவர்கள் கொண்டுவரும் நூல்களோடு இச்செய்தியும் வந்திருக்கலாம், நான் கேட்டறிந்ததில்லை.

இனித் தமிழகத்துக்கு வருவோம். சென்னை நகரில் 1980ஆம் ஆண்டுகளிற் பரவிய ஹெரோயின், ‘பிரவுன் சுகர்’ என்னும் பெயரால் அறியப்பட்டது. அதனைப் பாவித்தோர் தொடக்கத்தில் ஊசி ஏற்றவில்லை. தாளின் மேலிட்டுச் சூடாக்கிப் புகையை இழுத்தனர். 1990ஆம் ஆண்டுகளில் நிலை மாறிற்று. தூளின் விலை ஏறிற்று, கிடைப்பது அரிதாயிற்று, மருந்துக் கடைகளிற் கிடைத்த பியூப்ரெனோர்பின் என்னும் நோவகற்றி ஊசி மருந்து மலிவாயிருந்தது. புகைத்தவர்களுட் பலர் ஊசிக்கு மாறினர். புகைப்போர் நகரம் ஊசியேற்றுவோர் நகரமாவதற்குப் பத்தாண்டுகூடத் தேவைப்படவில்லை என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

அதே சென்னையில், 1986இல், செல்லப்பன் நிர்மலா என்னும் மருத்துவ மாணவி, தம் பேராசிரியை சுனிதி சொலமனின் வழிகாட்டலிற் சேர்த்த குருதி மாதிரிகளை வேலூருக்கு எடுத்துச் சென்று சோதிப்பிக்க, இந்தியாவில் எச். ஐ. வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. இந்தியாவில் அந்நோய் இல்லையென்று பலர் உறுதியாக நம்பிய காலம் அது. சோதிக்காதவரை எந்நோயும் எந்நாட்டிலும் இல்லைதான். சுனிதி சொலமன் 1993இற் சென்னையில் நிறுவிய ஆய்வு நிலையம் பிற்காலத்தில் ஊசியேற்றுவோரையும் ஆராய்ந்தது. சென்னையில் அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஈரலழற்சி ‘சி’யின் சுவடு காணப்பட்டது.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மியன்மார் எல்லையை அடுத்துள்ள மணிப்பூரின் கதை இன்னும் கொடியது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தூய வெள்ளைத் தூள் அங்கே தொடக்கத்திலேயே ஊசியில் ஏறிற்று. 1989இல் அங்கு ஊசியேற்றுவோரிடம் காணப்படாதிருந்த எச். ஐ. வி., ஓராண்டு நிறையுமுன் அவர்களுட் பாதிப்பேரிடம் காணப்பட்டது. ஈரலழற்சி ‘சி’ அதனினும் எளிதாக ஊசியிற் பரவுவது. பாவித்த சிறிஞ்சினுள் எஞ்சிய குருதியில் அவ்வைரசு 63 நாட்கள் வரை உயிர்த்திருக்கக் கூடும் என ஆய்வுகூடத்திற் காட்டியுள்ளனர்.

சோதனை எங்கே நின்றது என்பதைக் கணக்காகக் காட்டிய ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. இந்தியாவின் 15 நகரங்களில் ஊசியேற்றுவோர் 14,481 பேரைச் சுனில் சொலமனும் அவரைச் சார்ந்தோரும் சோதித்தனர். 5,777 பேரின் குருதி தொற்றின் சுவட்டைக் காட்டிற்று. அவர்களுள் அதனை ஏற்கனவே அறிந்திருந்தோர் 440 பேர். மருத்துவர் ஒருவரை அதன்பொருட்டு நாடியோர் 225 பேர். சிகிச்சை பெற்றோர் 79 பேர். இவ்வெண்களை வகுப்பிற் கரும்பலகையில் எழுதி ஒருமுறை மாணவர்க்குக் காட்டினேன். விகிதாசாரம் கற்பிக்கவே எழுதினேன். அன்று விகிதாசாரம் நடைபெறவில்லை. “ஐயாயிரம் பேருக்கும் ஏன் சொல்லல்ல, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவள் வினாவுக்கு விடை சோதனையின் அமைப்பிலேயே ஒரு பாதி உண்டு. இச்சோதனை இரு படிகளையுடையது. முதற்படி, வைரசுக்கு எதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரி குருதியில் உளதா என நோக்குவது. அது தொற்று என்றோ நேர்ந்தது என்பதை மட்டுமே காட்டும். நோய் தானாக நீங்கியவரிடமும், சிகிச்சையாற் குணமடைந்தவரிடமும் அச்சுவடு நிற்கும். ஆதலின் வைரசு இன்றும் உளதா என அறிய, அதன் ஆர். என். ஏ. என்னும் மரபுப் பொருளைத் தேடும் இரண்டாம் சோதனை வேண்டும். பழைய முறையில் இவ்விரண்டுக்கும் கையின் நாளத்திலிருந்து குருதி எடுத்தாக வேண்டும். ஆய்வுகூடம் பெருநகரில் இருக்கும். முடிவு வரக் கிழமைகள் செல்லும். முதலாவதற்கு ஒருநாள், அதன் முடிவுக்கு ஒருநாள், இரண்டாவதற்கு ஒருநாள், அதன் முடிவுக்கு மற்றொரு நாள், பின்னர் மருத்துவரைக் காண வேறொரு நாள். நாட்கூலி பெறும் எவருக்கும் இது அரிது. போதைப்பொருள் கிடைக்காவிடின் சில மணி நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கும் ஒருவருக்கு இது ஏறக்குறைய இயலாதது. அன்றியும் ஆண்டுக்கணக்கில் ஊசி குத்திய கையில் நாளம் தடித்து மறைந்துவிடும். தாதி நாலு முறை குத்தியும் குருதி வராது. நாலாம் முறை அவர் வாயினின்று வரும் சொல்லைக் கேட்டவன் ஐந்தாம் முறைக்கு வருவதில்லை.

மற்றைப் பாதி விலை. முன்னர் வழங்கப்பட்ட இன்ரபெரோன் ஊசி மருந்து ஓராண்டளவும் நீளும், உடலை வாட்டும், பலர்க்குக் குணமும் தராது. இத்தகைய சிகிச்சைக்காக நோயாளரைத் தேடிச் சோதிப்பதில் எவருக்கும் ஊக்கம் இருக்கவில்லை. 2013 டிசெம்பரில் சொவொஸ்புவீர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பன்னிரு கிழமை உட்கொள்ளும் மாத்திரைகளாற் பெரும்பாலோர் குணமடையும் காலம் பிறந்தது. ஆனால் அம்மருந்தின் விலை அமெரிக்காவில் 84,000 டொலர். 2014இல் அதன் உரிமையாளர் இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு உரிமம் வழங்க, 2015 தொட்டு மலிவான இந்திய மாத்திரை வந்தது. 2018 ஜூலை 28ஆம் நாள், புளும்பேர்க்கின் பிறந்தநாளாகிய உலக ஈரலழற்சி நாளில், இந்திய அரசு ஈரலழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிச் சோதனையையும் மருந்தையும் இலவசமாக்கிற்று. மருந்து என்னும் பெருங்கதவு திறந்தது. அதற்கு முன்னுள்ள சோதனை என்னும் சிறுகதவு பலருக்கு மூடியே கிடந்தது.

அச்சிறுகதவைத் திறந்தோர் யார்? அரசுகள் தாமே முன்வந்து செய்தவை சில. பெரும்பாலும் வழிகாட்டியோர் போதைப்பொருள் பாவித்தோரே. இவ்வழக்கம் நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிற் பழையது. அங்கே நகர நடுவில் ஊசி விற்ற மருந்துக் கடையொன்று விற்பனையை நிறுத்தப் புகுந்தபோது, பாவிப்போர் சங்கத்தார் ஈரலழற்சி ‘பி’ பரவும் என அஞ்சி, பழைய ஊசியைப் பெற்றுப் புதிய ஊசி வழங்கும் பணியை 1984இல் நகர சுகாதாரத் துறையின் உதவியோடு தொடங்கினர். ஊசி மாற்றும் நிலையங்கள் எய்ட்சு நோயின் பொருட்டுத் தோன்றின எனப் பலர் எழுதுவர். தோற்றுவாய் ஈரலழற்சியே. இந்நிலையங்கள் பின்னாளிற் சோதனைக்கும் இடமாயின. அங்கே வருவோர் வெட்கப்படத் தேவையில்லாமை ஒன்றே அவற்றின் சிறப்பு.

கருவிகளும் மாறின. விரல் நுனியிற் குத்திய ஒரு துளியால் இருபது நிமிடத்தில் முதற்சோதனை முடிந்தது. ரொபேட் கத்றி என்பார் 1963இற் பச்சிளங்குழந்தைகளின் நோயறியக் கையாண்ட உலர்குருதிப் பொட்டு முறை இந்நோய்க்கும் பயன்பட்டது. கடதாசியில் உலர்ந்த துளியைத் தபாலில் அனுப்பலாம், குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை. காசநோய்க்கென வாங்கிய ஜீன்எக்ஸ்பேர்ட் என்னும் சிறு பொறி, உரிய குப்பியை இட்டால், இவ்வைரசின் ஆர். என். ஏ.யையும் ஒரு மணி நேரமளவில் அளந்து கூறிற்று. 2024இல் உலக சுகாதார நிறுவனம், ஈறின் ஈரத்தைத் துடைத்துத் தானே சோதித்துக்கொள்ளும் கருவியொன்றையும் ஏற்றுக்கொண்டது. அவுஸ்திரேலியா 2016 மார்ச்சு முதல், இன்றும் ஊசியேற்றுகின்றவரையும் விலக்காது, யாவர்க்கும் அரச உதவியுடன் மருந்து வழங்கிற்று. ‘முதலிற் பழக்கத்தை விடு, பின்னர் வா’ என்னும் நிபந்தனை அங்கே நீங்கியது. இந்நிபந்தனை அறமெனத் தோன்றும். ஆயினும் தொற்றுடையவர் ஊசியைப் பகிரும் காலத்தில் அவரைக் குணப்படுத்துவதே பிறரைக் காப்பது.

புதிய நிலையம் அமைத்தவுடன் மக்கள் வந்து குவிவர் என்று எண்ணுதலும் தவறு. இந்தியாவின் 22 இடங்களில், ஒரு பாதியில் ஊசியேற்றுவோர் முதலியோர்க்குச் சோதனையும் ஊசி மாற்றமும் ஆலோசனையும் ஒரே கூரையின்கீழ் வழங்கும் நிலையங்களை அமைத்து, மறுபாதியோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. எச். ஐ. வி. சோதனை செய்துகொண்டோர் தொகை நிலையமுள்ள இடங்களிற் சற்றுக் கூடியிருந்தது. ஆனால் அவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததன்று என உறுதி கூறப் போதியதாயிருக்கவில்லை. நிலையத்துக்கு உண்மையில் வந்தோரிடமோ சோதனை பன்மடங்காயிருந்தது. கட்டடம் நல்லது, வந்தவருக்குப் பயன் தந்தது, வராதவரை அது தேடிச் செல்லவில்லை. தேடிச் செல்லும் முறையை மணிப்பூரிற் பாவிப்போர் கூட்டமைப்பினர் கையாண்டனர். தம்முட் பயிற்சி பெற்றோரைக்கொண்டு விரல்துளிச் சோதனை செய்து, அதே நாளில் பொறியாலும் சோதித்து, அன்றே மாத்திரையும் தொடங்கலாம் எனக் காட்டினர். ஐந்து நாட்பயணம் ஒருநாளாயிற்று. கல்லூரிப் படிப்பில்லாத ஒருவர் தாதியினும் நன்றாக இவர்களை அமரச் செய்து துளி எடுக்கிறார் என்பதை ஏற்க மருத்துவ உலகு சிறிது காலம் தயங்கிற்று. ஆசிரியர்களாகிய நாமும் இத்தகைய தயக்கத்தை அறியாதவரல்லேம்.

நம் கரைக்கு மிக அண்மையான எடுத்துக்காட்டாக நான் கருதுவது மலேசியா. அந்நாடு 2005இல் மெதடோன் மருந்தையும் 2006இல் ஊசி மாற்றத்தையும் தொடங்கிற்று. 2010இற் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள அர்ரஹ்மான் பள்ளிவாசலில் மெதடோன் வழங்கும் பணி தொடங்கப்பெற்றது. தொழுகைக்கு வருவோர் வரும் வாசலாலேயே மருந்துக்கு வருவோரும் வந்தனர். வாசல் ஒன்றாயிருந்தமையால், யார் எதற்கு வந்தார் என்று பார்ப்போர்க்குத் தெரியவில்லை. 2017இல் அவ்வரசு சட்டப்படி உரிமைத் தடையை நீக்கிச் சொவொஸ்புவீரை மலிவாகப் பெற்றது; பின்னர் விரல்துளிச் சோதனையை ஊர்ச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசென்றது. ஈரானில் 2005ஆம் ஆண்டிலேயே நீதித்துறைத் தலைவர் ஆயத்துல்லா ஷாஹ்ரூதி, ஊசி மாற்றப் பணியையும் மெதடோன் பணியையும் தடுக்கலாகாது என நீதவான்களுக்கு அறிவுறுத்தினார். மார்க்கத்தின் பெயரால் இவை இயலா என்பார் இவ்விரு நாடுகளையும் நோக்குக.

இலங்கையின் நிலையைச் சுருக்கமாகவே கூறலாம். அபின் பாவனையை 1910ஆம் ஆண்டின் சட்டம் பதிவுமுறைக்குள் கொண்டுவந்தது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் யாவற்றையும் ஒன்றாகக் கட்டுப்படுத்திற்று. ஹெரோயின் பரவிய 1980ஆம் ஆண்டுகளில், 1984இல், தண்டனை மரணம்வரை உயர்ந்தது. அவ்வாண்டிலேயே தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் தோன்றிற்று. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் உட்படுத்த வழிசெய்தது. நம் நாட்டில் ஹெரோயின் பாவிப்போருட் பெரும்பாலோர் அதனைப் புகைக்கின்றனர். ஊசியேற்றுவோர் சிறு தொகையினர். ஈரலழற்சி ‘சி’யும் அரிது. இதனைச் சொல்லி ஆறுதலடைவோர் பலர். சென்னையிலும் தொடக்கத்தில் யாவரும் புகைத்தனர் என்பதை மேலே கூறினேன். தூளின் விலை என்று ஏறும், எந்த மருந்து என்று மலியும் என எவர் கூறவல்லார்? ஊசியேற்றுவோர் சிலராயிருக்கும் காலத்திற் சோதனை நிலையத்தை அமைப்பது எளிது, செலவும் சிறிது. மணிப்பூருக்கு அக்காலம் வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் நம்முடையவை. தாய்வழிக் குடிமுறை இன்றும் வழங்கும் கரை இது. மணமகன் பெண்வீட்டுக்குச் சென்று வாழ்வான். குடிவழி எண்ணினால் எவரும் எவருக்கோ மாமன், மச்சான், மருமகன். இவ்வுறவு இடரில் நம்மைத் தாங்கியது. 2004 டிசெம்பர் 26இற் கடல் ஊருக்குள் வந்தபின், பாடசாலை மண்டபங்களிலும் கூடாரங்களிலும் நடந்த மருத்துவ முகாம்களில், வைத்தியசாலை வாசலையே மிதியாத முதியோர் வந்து அமர்ந்ததை நான் கண்டேன். மருத்துவர் அவர்களிருக்கும் இடத்துக்கு வந்ததே காரணம். ஆனால் இதே உறவு மறைவு வேண்டும் இடத்தில் மதிலாகிறது. அனுமதிச் சீட்டு எழுதுபவர் குடியில் ஒருவர்; வரிசையிற் பின்னால் நிற்பவர் பெண்வீட்டு அயலவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெளியூரிற் தொழில் புரிந்த காலத்திற் சிலரோடு சேர்ந்து ஊசி ஏற்றியவர், பின்னர் முற்றாக விட்டவர், திருமணம் பேசப்பட்டிருந்தது. அக்கூட்டாளிகளுள் ஒருவர் ஈரல் நோயால் இறந்த செய்தி வந்திருந்தது. வைத்தியசாலையொன்றுக்குச் சென்றாராம். எதற்காக என்று யன்னலில் இருந்தவர் உரத்துக் கேட்டாராம். காய்ச்சல் என்று கூறிப் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். “சேர், பேரெழுதாமப் பார்க்கிற இடம் எங்கயாவது இரிக்கா?” என்பதே அவர் என்னிடம் கேட்டது. செலவைப் பற்றியோ நோவைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கேட்ட இடத்தை அமைப்பதற்கு வேண்டியவை அரியன அல்ல. காசநோய்த் தடுப்புப் பணியில் மேற்கூறிய பொறி நம் நாட்டிலும் பயன்படுகிறது. பெயருக்குப் பதிலாக எண் எழுதலாம். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இரகசியம் பேணும் மரபை நெடுங்காலமாகக் கொண்டவை. விரல்துளி எடுக்கும் நாளை நீரிழிவும் குருதியழுத்தமும் பார்க்கும் நாளோடு சேர்த்து, பள்ளிவாசல் மண்டபத்திலோ மீனவர் சங்கக் கட்டடத்திலோ வைத்தால், எவர் எதற்குக் கைநீட்டினார் என்பது எவருக்கும் தெரியாது. தொற்று உளதெனக் கண்டால் மாத்திரை எங்கே, எப்போது கிடைக்கும் என்பதை அன்றே கூறவல்ல ஒருவரும் அங்கு இருத்தல் வேண்டும். இன்றேற் சோதனை ஒருவனை அச்சுறுத்தி அனுப்பியதாகவே முடியும். இவற்றைச் செய்யும் அதிகாரமும் அறிவும் உடையோர் நம் கல்லூரிகளின் பழைய மாணவருள் உளர். மருத்துவராயும் சுகாதாரப் பரிசோதகராயும் பள்ளிவாசல் நம்பிக்கையாளராயும் ஆலய பரிபாலன சபையினராயும் பலர் உளர். அவர்கள் வாசிப்பர் என்பதனாலேயே இதனை இம்மலருக்கு எழுத இசைந்தேன்.

அவ்விளைஞர் பின்னர்த் தம் ஊரினின்றும் பேருந்தில் மூன்று மணி நேரம் சென்று, தம்மை அறியாத நகரொன்றிற் சோதித்துக்கொண்டார். அன்றைக் கூலி போயிற்று. முடிவுக்கு வேறொரு நாள் வரும்படி கூறினராம். அந்நாட் கூலியும் போயிற்று.